ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம்

திருவண்ணாமலை
12.7.2025

அன்புள்ள அருணாவுக்கு,

அண்ணன் எழுதுவது. அம்மாவும் நானும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், ஆனால் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது? அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் நேற்று ஒரு வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் பெயரையும் வீட்டுக்காரர் பெயரையும் மாற்றி அடித்துவிட்டேன். கையெழுத்தாகியிருந்தால் செங்கம் சாலையில் ஒரு மாடி வீடு ஜெர்மன்காரர் ஒருவருக்குச் சும்மா போயிருக்கும். அந்த அளவுக்கு என் புத்தி இங்கே இல்லை.

வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் மாப்பிள்ளை உன் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். தனியாக உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் காலத்திலும் காகிதத்தை எடுத்தேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ராமகிருஷ்ணன் மாமா வந்திருந்தார். தன் மகன் வீட்டு வாசலில் போலீஸ் நின்றதைச் சொன்னார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தாராமே? வந்த பெண் போலீசிடம் நீ ஏதோ ஒரு வார்த்தை சொன்னாயாம். அந்த ஒரு வார்த்தைக்காக மாப்பிள்ளையைச் சில நாள் வெளியே தங்கவைத்தார்களாம். அவர் திரும்பி வந்துவிட்டாலும் வழக்கு இன்னும் மூடவில்லை என்கிறார். குழந்தைகள் நல அதிகாரி மறுபடி வருவார், வதனியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று சொல்லி அம்மாவை அழவைத்துவிட்டார்.

"உன் தங்கச்சி வாய் தவறி பீட்னு சொல்லிட்டாளாம்டா. அது இன்னா அவ்ளோ பெரிய வார்த்தையா?" என்று கேட்டார்.

பெரிய வார்த்தைதான் என்று சொன்னேன். 'டேப்' என்றால் லேசாகத் தட்டுவது. 'ஸ்லாப்' என்றால் உள்ளங்கையால் அறைவது. 'ஹிட்' என்றால் ஒரு அடி. 'பீட்' என்றால் விடாமல், திரும்பத் திரும்ப. கேட்டதும் மாமா முகம் எப்படியோ ஆகிவிட்டது. தமிழில் எல்லாவற்றுக்கும் 'அடி' என்ற ஒரே சொல்தான் உண்டு, அதனால் என் தங்கை ஆங்கிலத்தில் வார்த்தை தவறிவிட்டாள் என்று நான் என் முத்திரை போட்டு ஒரு சான்று தர வேண்டுமாம். மொழிபெயர்ப்பாளர் கொடுத்தால் அங்கே செல்லும் என்று மாப்பிள்ளையின் வக்கீல் சொல்லியிருக்கிறார்.

கேட்கவே நாக்கு கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். நீ உண்மையில் என்ன சொன்னாய்? வேலை இல்லாத மத்தியானங்களில் என் ஆபீசில் உட்கார்ந்து, 'ஹவுஸ்' என்றால் கட்டடம், 'ஹோம்' என்றால் நம் வீடு என்று எனக்கே பாடம் எடுத்தவள் நீ. இருந்தாலும் போலீசைப் பார்த்த பயத்தில் வாய் குழறியிருக்கலாம் அல்லவா? அப்படித்தான் என்று ஒரு வரி எழுதிவிடு. எனக்கு நிம்மதியாக இருக்கும்.

மற்றபடி போன பௌர்ணமிக்கு நல்ல கூட்டம். மலை சுற்ற வரும் நம் வெள்ளைக்கார மோர்க்குழம்பு அம்மா இந்த வருடமும் வரவில்லை, முட்டி வலியாம். உங்கள் நாட்டில் உட்கார்ந்துகொண்டு, மோர் திரிந்துபோகாமல் எப்படிக் கொதிக்கவைப்பது என்று எனக்கு மெயில் போடுகிறார்.

வதனிக்கு என் முத்தம்.

உன் அண்ணன்,
குமரேசன்


இங்கிலாந்து
21.7.2025

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை அருணாதேவி ஆதவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் அவரும் குழந்தையும் மிக்க நலம். தாங்களும் அம்மாவும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. அவரும் படித்தார். தாங்கள் நினைத்தது முற்றிலும் சரி. எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பது தாங்கள் அறிந்ததே. அன்று பதற்றத்தில் பொருள் தெரியாமல் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டேன். அதனால் அவருக்கு ஏற்பட்ட மனவேதனைக்கு நானே காரணம். அவர் மிகவும் பொறுமையானவர். தாங்கள் அந்தச் சான்றைக் கூடிய விரைவில் அனுப்பினால் எல்லோருக்கும் நல்லது.

குழந்தைக்கு இப்போது பள்ளி விடுமுறை. வீட்டிலேயே இருக்கிறாள். சத்தம் போடாமல் விளையாடப் பழகிவிட்டாள்.

சில நாட்களாக மோர்க்குழம்பு சாப்பிட வேண்டும் போல் இருக்கிறது. எப்போது கிடைக்குமோ தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
திருமதி அருணாதேவி ஆதவன்


திருவண்ணாமலை
29.7.2025

அன்புள்ள தங்கை அருணாதேவி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன். இதை மாப்பிள்ளை அவர்களிடமும் அவசியம் காட்டவும்.

சான்று தர எனக்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் வெறுமனே நான் எழுதி முத்திரை போட்டால், அண்ணன் தங்கைக்காக எழுதியது என்று அங்கே தள்ளிவிடுவார்கள். சம்பந்தப்பட்டவருக்கு அந்தச் சொற்களின் வித்தியாசம் தெரியாது என்பதை அவர் கையெழுத்திலேயே காட்ட வேண்டும். விசாரித்ததில் நடைமுறை இதுதான்.

டேப், ஸ்லாப், ஹிட், பீட் ஆகிய நான்கு சொற்களுக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், தாங்கள் ஆங்கிலத்தில் தங்கள் கைப்பட எழுத வேண்டும். சான்று அலுவலர் முன்னிலையில் எழுத வேண்டும். வாக்கியங்கள் தப்பும் தவறுமாக இருந்தால், அன்று போலீசிடம் சொன்னதும் தவறான சொல்தான் என்று தானாக உறுதியாகிவிடும். எழுதும்போது கணவர் அறையில் இருந்தால் அவர் சொல்லிக் கொடுத்து எழுதவைத்தார் என்று ஆகும். ஆகவே மாப்பிள்ளை வெளியே காத்திருப்பது அவருடைய நன்மைக்கே. வழக்கில் குழந்தையின் பெயரும் இருப்பதால் குழந்தையையும் உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும். தங்கள் இருவரின் அசல் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். நகல் செல்லாது.

சான்று அலுவலர் பெயர் திருமதி எச். கார்ட்ரைட். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை நேரம் கொடுத்திருக்கிறார். முகவரியைத் தனித்தாளில் வைத்துள்ளேன். தவறினால் அடுத்த நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றும், அதற்குள் அதிகாரி வீட்டுக்கு வந்துவிடக்கூடும் என்றும் சொல்கிறார்கள்.

மோர்க்குழம்பு பற்றி எழுதியிருந்தீர்கள். அம்மாவிடம் சொன்னேன். கண்டிப்பாகக் கிடைக்கும் என்றாள்.

அன்புடன்,
சு. குமரேசன்
மொழிபெயர்ப்பாளர்


திருவண்ணாமலை
9.8.2025

அருணா,

இதை உன் வீட்டு முகவரிக்கு அனுப்பவில்லை. மோர்க்குழம்பு அம்மாவின் வீட்டுக்கு அனுப்புகிறேன். நீ இதைப் படித்தால் நீ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று பொருள். படிக்காவிட்டால் என்ன பொருள் என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்று பௌர்ணமி. ஆபீஸ் வாசலில் தலைகளைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. எல்லோரும் மலையைச் சுற்றுகிறார்கள், நான் இந்த மேசையைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் பிரித்து, 'மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு' என்று படித்ததும், யாருக்கு வந்தது என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து என்னை 'டேய் அண்ணா' என்று கூப்பிட்ட வாய். கல்யாண மேடையில்கூட, "டேய், அழாதடா, மானம் போவுது"ன்னு எனக்கு அதட்டல் போட்டவள். தாங்களாம், பணிவுள்ளவாம். என் கழுதைக்கு என்னைத் தாங்கள் என்று சொல்ல என்ன நடந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையையும் நான் நம்பவில்லை. கடைசியில் வந்த மோர்க்குழம்பைத் தவிர. உனக்கு மோர்க்குழம்பே பிடிக்காதே.

அன்றே ஹெலனுக்கு, அதுதான் நம் மோர்க்குழம்பு அம்மாவுக்கு, போன் செய்தேன். அங்கே அவர் ஊரில் நூலகத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்கான ஆலோசனை மையம் ஒன்றில் வாரத்தில் இரண்டு நாள் உட்காருகிறாராம், கார்ட்ரைட் என்பது அவர் குடும்பப் பெயர் என்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய விசா காகிதங்களில் எத்தனை தடவை அடித்திருக்கிறேன்! "அவளைக் குழந்தையோடும் பாஸ்போர்ட்டோடும் அந்தக் கதவுக்குள் கொண்டுவந்துவிடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். எப்படிக் கொண்டுவருவது? மாப்பிள்ளை உன்னைக் கடைக்குக்கூடத் தனியாக விடுவதில்லை. ஆனால் அவருக்கு அந்தச் சான்று வேண்டும். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். ஒரு நடைமுறையை உண்டாக்கினேன். என் ஆபீசுக்கு வருகிறவர்கள் எதற்கும் பயப்படாவிட்டாலும், நகல் செல்லாது என்றால் பயப்படுவார்கள்.

அப்படி ஒரு நடைமுறை உலகத்தில் எங்கும் கிடையாது, அருணா. மொத்தமும் பொய். குட்டு, கிள்ளு, தட்டு, அறை, குத்து, உதை, மொத்து, சாத்து, வெளுத்து வாங்கு என்று இத்தனை வைத்திருக்கும் மொழியில் ஒரே சொல்தான் இருக்கிறது என்று முத்திரை போடச் சொன்னவர்களுக்கு, நான் சொன்ன பொய் ஜாஸ்தி இல்லை.

ஆனால் பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். "குழந்தை பாஸ்போர்ட் எதுக்கு மச்சான்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. வயது நிரூபிக்கணும் இல்லையா மாப்பிள்ளை என்றேன். அப்புறம், "நீங்க சொன்னா சரி"ன்னு வைத்துவிட்டார். நம்பினாரா, நம்பியதுபோல் காட்டினாரா? அவர் முன்கூட்டியே அந்த முகவரியைத் தேடிப் பார்த்திருந்தால்? அது என்ன இடம் என்று வாசல் பலகையைப் படித்துவிட்டால்? பின்பக்கக் கதவு வழியாக வரச் சொல்லியிருப்பதாகவும், அங்கே பலகை இல்லை என்றும் ஹெலன் சொல்கிறார். நான் உன்னைக் காப்பாற்றுகிறேனா, அவர் கையில் இன்னொரு காரணத்தைக் கொடுக்கிறேனா?

நீ வந்து சேர்ந்தால் கொஞ்ச நாளைக்கு உன் போன் அணைந்திருக்கும், யாரும் கூப்பிடக் கூடாது என்று ஹெலன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சேதி தெரியாமல் இருக்க என்னால் முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டாள் என்பது ஒரு பக்கம். கூடப்பிறந்த அண்ணனிடம் மறைக்க அவளுக்குத் தெரியாது என்பது இன்னொரு பக்கம். உன்னை மாமன் வீட்டில் கொடுத்தால் கண்ணுக்கு எதிரிலேயே இருப்பாய் என்றுதான் அவள் சம்மதித்தாள்.

நீ இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும் அருணா.

அண்ணன்


இங்கிலாந்து
15.8.2025

டேய் அண்ணா,

படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹெலன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரில் வதனி ரொட்டி தின்கிறாள். யாராவது கதவைத் தட்டினால் ரொட்டியை வைத்துவிட்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறாள். எனக்கும் கூடவே போக வேண்டும் போலத்தான் இருக்கிறது. பெரியவள் என்பதால் நாற்காலியிலேயே நடுங்குகிறேன்.

அன்று வழி முழுக்க அவர், வாக்கியங்களை எப்படித் தப்பாக எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே காரை ஓட்டினார். "ஒழுங்கா எழுதித் தொலைக்காத, புரியுதா?" என்றார். வதனியின் பாஸ்போர்ட்டைக் கடைசிவரை தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அந்தச் சந்துக் கதவைத் திறந்த பெண், "அசல் எங்கே?" என்று ஆபீஸ்காரர்களுக்கே உரிய சலிப்போடு கையை நீட்டினாள் பார், அவர் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். உன் 'நகல் செல்லாது' ஜெயித்துவிட்டதடா. அவர் வெளியே காரில் காத்திருந்தார். எவ்வளவு நேரம் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் முன்வாசல் வழியாகப் போய்விட்டோம்.

போவதற்கு முன்னால், உள்ளே உண்மையிலேயே ஒரு பெண் போலீஸ் அதிகாரி எனக்காக உட்கார்ந்திருந்தார். ஹெலன் அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தார். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அப்போதுதான், உன் அண்ணன் கேட்டபடியே எழுதேன் என்று ஹெலன் காகிதத்தைத் தள்ளினார்.

எழுதினேன். நீ கேட்டாய் இல்லையா, நான் உண்மையில் என்ன சொன்னேன் என்று? இப்போது சொல்கிறேன்.

'டேப்'புக்கு, வதனி தூங்க நான் அவள் முதுகில் தட்டுவேன் என்று எழுதினேன். அது சுலபமாக வந்துவிட்டது. 'ஸ்லாப்'புக்கு, இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரம், சாவியை மறந்து வைத்துவிட்டேன் என்று என் கணவர் என்னை அறைந்தார் என்று எழுதினேன். 'ஹிட்'டுக்கு, ஜூன் மாதம் வதனி நடுவில் வந்து நின்றதால் அந்த ஒரு அடி அவள் மேல் விழுந்தது என்று எழுதினேன். அன்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட சத்தம் அவள் சத்தம்தான். 'பீட்'டுக்கு ஒரு வாக்கியம் போதவில்லை. இன்னொரு தாள் கேட்டு வாங்கினேன்.

நான் வார்த்தை தவறவில்லை அண்ணா. போலீஸ்காரி முன்னால் நான்கு சொல்லும் என் மனதில் வந்து நின்றன. ஆபீசில் உன்னை மடக்கக் கேட்பேனே, அதுபோல. சரியானது எதுவென்று பார்த்துத்தான் எடுத்தேன். அப்புறம் எல்லோரும் அது தப்பு, தப்பு என்று சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உன் முதல் கடிதத்தில், அப்படித்தான் என்று ஒரு வரி எழுதிவிடு, நிம்மதியாக இருக்கும் என்று நீயும் எழுதியிருந்தாய். அதை அவர் சத்தமாகப் படித்துக் காட்டினார். அன்று நான் அழுத அழுகை உனக்குத் தெரியாது. உன்மேல் அவ்வளவு கோபம். மோர்க்குழம்பு என்று எழுதும்போதுகூட, இவனுக்கு எங்கே புரியப் போகிறது என்றுதான் எழுதினேன்.

புரிந்துகொண்டாய். அதனால் கோபத்தில் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கிறேன். முழுக்க இல்லை.

அவரை விட்டு வந்தால் என்னை ஊருக்கு அனுப்பிவிட்டு வதனியை அவரிடம் கொடுத்துவிடுவார்கள் என்று அவர் எப்போதும் சொல்வார். அது அவர் முடிவு செய்வது இல்லை, வக்கீலைப் பார்ப்போம் என்கிறார் ஹெலன். என்ன ஆகும் என்று தெரியாது. நான் எழுதியதன் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். தமிழில் மாற்றி அம்மாவுக்குப் படித்துக் காட்டு. மாமாவுக்கும். அம்மா அவள் அண்ணன் பக்கம்தான் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். நின்றாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டு நிற்கட்டும்.

அருணா


திருவண்ணாமலை
26.8.2025

என் கழுதைக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் படியில் உட்கார்ந்து படித்தேன். அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. உன் கோபத்தை இருக்கிறபடியே வைத்துக்கொள், அவசரப்பட்டுக் குறைக்க வேண்டாம்.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மாமா வந்துவிட்டார். மகன் போன் செய்து சொல்லியிருக்கிறான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, "எங்கடா அவ? உனக்குத் தெரியும், மரியாதையா சொல்லு"ன்னு என் சட்டையைப் பிடித்தார். சொல்ல மாட்டேன் என்றேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்படியே நின்றபடி நீ எழுதியதைப் படித்தேன். தட்டினேன், அறைந்தார், அடி விழுந்தது என்று ஒவ்வொன்றாக. இரண்டாவது தாளை முழுதும் படிக்க என்னால் முடியவில்லை.

மாமாதான் முதலில் பேசினார். "புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். அதுக்கு இந்த வார்த்தை, அந்த வார்த்தைன்னு பேப்பர்ல எழுதுவாங்களா? கைய ஓங்குனா அதுக்குப் பேரு அடியா?"

அம்மா அவரைப் பார்த்தாள். அவரிடம் அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுண்ணா. எது சின்ன வார்த்தை, எது பெரிய வார்த்தைன்னும் தெரியாது. அடிச்சான்னு எம் பொண்ணு சொல்றா. அது ஒண்ணு போதாதா உங்களுக்கு? எத்தினி வார்த்தை வேணும்?" என்றாள்.

மாமா என் ஆபீஸ் சாவியைக் கேட்டார். அறை அவருடையது அல்லவா, கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரை வீட்டு முன்னறையில் வைத்திருக்கிறேன். தெருவில் பைக் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து பார்க்கிறேன். மாப்பிள்ளை ஊருக்கு வரப்போவதாக ஒரு பேச்சு. வந்தால் வரட்டும் என்று எழுத ஆசை. பயமாகத்தான் இருக்கிறது.

அம்மா பேனாவைக் கேட்கிறாள். அவள் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது. கீழே இடம் விட்டிருக்கிறேன்.

உன் அண்ணன்,
குமரேசன்

அருணா கண்ணு, நான் யார் பக்கமும் போவல. இங்கதான் இருக்கேன். கொழந்தைய சொவர் பக்கம் படுக்க வெச்சிக்கோ. கதவ நல்லா தாப்பா போட்டுக்கோ. போட்டியான்னு இன்னொரு வாட்டி எழுந்து பாரு.
அம்மா